காந்த நானோதுகள் வெப்பச் சிகிச்சையைக் கணினியில் உருவகப்படுத்துவது எப்படி: ஒற்றைத் துகளிலிருந்து கட்டி வரை

ஒரு கட்டிக்குள் இரும்பு ஆக்சைடு நானோதுகள்களைச் செலுத்தி, உடலுக்கு வெளியிலிருந்து மாறுதிசைக் காந்தப்புலத்தைக் கொடுத்தால், துகள்கள் சூடாகும். கூடவே கட்டியும் சூடாகும். இதுதான் காந்த ஹைப்பர்தெர்மியா. 1957-ல் கில்கிறிஸ்ட் குழுவினர் நிணநீர் முடிச்சுகளை இப்படிச் சூடாக்கலாம் என்று காட்டினார்கள். பிற்பாடு ஜெர்மனியின் மேக்ஃபோர்ஸ் நிறுவனம் மூளைக் கட்டிகளுக்கு 100 கிலோஹெர்ட்ஸ் புலத்தில் இயங்கும் சிகிச்சை முறையை உருவாக்கியது.

இதைக் கணினியில் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இயற்பியல்காரர்கள் ஒற்றைத் துகளோடு நின்றுவிடுகிறார்கள். பொறியியல்காரர்கள் ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து வெப்ப எண்ணை எடுத்துத் திசுவுக்குள் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டிலும் திருப்தி இல்லை. இங்கே துகள், வெப்பம், திசு, சிகிச்சை அளவு என்று முழுச் சங்கிலியையும் ஒரே எண்களோடு தொடர்ந்து போகப் போகிறோம். ஒவ்வொரு கண்ணியையும் கையால் போட்ட கணக்கோடு சரிபார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்துவது அதைத்தான்.

பைத்தானில் நம்பை நூலகத்தைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் போதும். சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை.

படி 1: மாற்றக்கூடாத எண்களை முதலில் எழுதிவையுங்கள்

குறியீட்டு நிரலைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள். பொருள்: மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 5180 கிலோகிராம். தெவிட்டிய காந்தமாக்கம், அதாவது எல்லா அணுக் காந்தங்களும் ஒரே பக்கம் திரும்பும்போது கிடைக்கும் உச்ச மதிப்பு, மீட்டருக்கு 446 கிலோஆம்பியர். திசையொவ்வாமை மாறிலி, அதாவது காந்தத் திசை தனக்குப் பிடித்த அச்சை விட்டுத் திரும்ப எவ்வளவு ஆற்றல் கேட்கிறது என்பதன் அளவு, கனமீட்டருக்கு 20,000 ஜூல் என்று வைப்போம். வெப்பநிலை 310 கெல்வின். அந்த வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 4.28 × 10⁻²¹ ஜூல். இந்தக் கடைசி எண்ணை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. மற்ற எல்லா ஆற்றலையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

தெவிட்டிய காந்தமாக்கத்துக்கு இங்கே கொடுத்திருப்பது பெரிய படிகத்தின் மதிப்பு. நானோதுகளின் மேற்பரப்பில் அணுக்களின் ஒழுங்கு கெடுவதால் உண்மையான மதிப்பு குறைவாக இருக்கும். உங்களிடம் அளந்த மதிப்பு இருந்தால் அதையே போடுங்கள்.

அப்புறம் புலம். எவ்வளவு வலுவான புலத்தையும் கொடுத்துவிட முடியாது. மாறும் புலம் உடலில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, துகள் இல்லாத இடத்தையும் சூடாக்கும். 1984-ல் அட்கின்சனும் பிரெசோவிச்சும் சேர்ந்து செய்த ஆய்விலிருந்து வந்த வரம்பு இன்றும் புழக்கத்தில் உள்ளது: புல வீச்சையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வருவது 4.85 × 10⁸ ஆம்பியர்/மீட்டர்-வினாடிக்குள் இருக்க வேண்டும். உடலின் சிறு பகுதி மட்டும் புலத்துக்குள் இருந்தால் இதைவிடப் பத்து மடங்கு வரை போகலாம் என்று 2007-ல் ஹெர்க்ட், டுட்ஸ் இருவரும் வாதிட்டார்கள். நாம் கடுமையான வரம்பையே எடுத்துக்கொள்வோம். 100 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 4.8 கிலோஆம்பியர்/மீட்டர், அதாவது 6 மில்லிடெஸ்லா. நாம் பயன்படுத்தப் போகும் புலம் இதுதான்.

படி 2: தளர்வு நேரத்தைக் கணக்கிடுங்கள்

துகளின் காந்தத் திசை இரண்டு வழிகளில் திரும்பலாம். அப்படித் திரும்ப ஆகும் சராசரி நேரமே தளர்வு நேரம். துகள் அசையாமல் இருக்க, உள்ளே காந்தத் திசை மட்டும் திரும்புவது நீல் தளர்வு. காந்தத் திசை துகளோடு ஒட்டிக்கொண்டிருக்க, துகளே திரவத்தில் உருள்வது பிரவுன் தளர்வு.

நீல் தளர்வு நேரம் ஓர் அடுக்குக்குறிச் சார்பு. திசையொவ்வாமை மாறிலியைத் துகளின் கனஅளவால் பெருக்கி (திரும்பும்போது தாண்ட வேண்டிய ஆற்றல் தடுப்பு இதுதான்), வெப்ப ஆற்றலால் வகுத்து, அதை இயற்கை மடக்கையின் அடிமானத்துக்கு அடுக்காக ஏற்றி, முயற்சி நேரத்தால், அதாவது திரும்புவதற்கான ஒரு முயற்சிக்கு ஆகும் நேரத்தால், பெருக்க வேண்டும். முயற்சி நேரத்தை 10⁻⁹ வினாடி என்று வைத்தால் கிடைப்பதைப் பாருங்கள். 12 நானோமீட்டர் விட்டத் துகளுக்கு ஏறத்தாழ 70 நானோவினாடி. 14.4 நானோமீட்டருக்கு 1.5 மைக்ரோவினாடி. 16 நானோமீட்டருக்கு 22 மைக்ரோவினாடி. 20 நானோமீட்டருக்கு 0.3 வினாடி!

விட்டம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. நேரம் பல லட்சம் மடங்கு ஏறிவிட்டது. நான் முதன்முதலில் இதைக் கணக்கிட்டபோது நிரலில்தான் தவறு என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடினேன். தவறு எதுவும் இல்லை. இயற்கையே அப்படித்தான் இருக்கிறது. இந்தத் துறையில் இரண்டு ஆய்வகங்களின் முடிவுகள் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இந்த ஒரு அடுக்குக்குறியே பெரிய காரணம்.

பிரவுன் நேரம் இவ்வளவு மூர்க்கமானதல்ல. திரவத்தின் பாகுநிலை, மேற்பூச்சையும் சேர்த்த துகளின் கனஅளவு இரண்டையும் பெருக்கி, அதை மூன்று மடங்காக்கி, வெப்ப ஆற்றலால் வகுத்தால் வந்துவிடும். பூச்சோடு 30 நானோமீட்டர் விட்டம் உள்ள துகளுக்கு, உடல் வெப்பநிலையில் உள்ள நீரில், இது ஏறத்தாழ 7 மைக்ரோவினாடி. இரண்டு வழிகளும் திறந்திருந்தால் வேகமான வழியே மேலோங்கும். இரண்டு நேரங்களின் தலைகீழிகளைக் கூட்டி, வருவதை மறுபடி தலைகீழாக்கினால் கிடைப்பது மொத்தத் தளர்வு நேரம்.

இங்கே ஒரு முக்கியமான முடிவை எடுக்க வேண்டும். கட்டிக்குள் போன துகள்கள் செல்களில் ஒட்டிக்கொள்கின்றன அல்லது செல்லுக்குள் உள்ள சிறு பைகளில் நெருக்கமாக அடைபடுகின்றன. அங்கே அவற்றால் தாராளமாக உருள முடியாது. ஆகவே திசுவுக்கான கணக்கில் பிரவுன் வழியை அடைத்துவிடுங்கள். நீரில் அளந்த வெப்ப எண்ணை அப்படியே திசுவுக்குள் போடுவது ஏன் தவறு என்பதற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் படி 5-ல் வருகிறது.

படி 3: நேரியல் சூத்திரத்தால் முதல் மதிப்பீடு

2002-ல் ரோசன்ஸ்வைக் கொடுத்த சூத்திரம் இன்றும் எல்லோருக்கும் தொடக்கப்புள்ளி. பை, வெற்றிடத்தின் உட்புகுதிறன், காந்த ஏற்புத்திறனின் கற்பனைப் பகுதி (காந்தமாக்கம் புலத்துக்குப் பின்தங்குவதால் வரும் பகுதி), அதிர்வெண், புல வீச்சின் இருமடி ஆகிய ஐந்தையும் பெருக்கினால் ஒரு கனமீட்டர் துகள்பொருள் வெளியிடும் திறன் கிடைக்கும். கோண அதிர்வெண்ணைத் தளர்வு நேரத்தால் பெருக்கினால் சரியாக ஒன்று வரும்போது அந்தக் கற்பனைப் பகுதி உச்சத்தில் இருக்கும். 100 கிலோஹெர்ட்ஸுக்கு அந்த உச்சம் 14.4 நானோமீட்டரை ஒட்டி விழுகிறது. மேலே அந்த விட்டத்தைச் சேர்த்தது அதனால்தான்.

நம் எண்களைப் போட்டால் 14.4 நானோமீட்டர் துகள் கிராமுக்கு 27 வாட் கொடுக்கிறது. 12 நானோமீட்டர் துகள் 1.3 வாட், 16 நானோமீட்டர் துகள் 5 வாட். உங்கள் நிரல் இந்த மூன்று எண்களையும் தருகிறதா என்று பாருங்கள். தரவில்லையென்றால் மேலே போக வேண்டாம். அலகு மாற்றத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கும்.

சூத்திரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புலத்தில் துகளுக்கு இருக்கும் காந்த ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றைவிடத் தெளிவாகச் சிறியதாக இருக்கும்வரைதான் நேரியல் சூத்திரத்தை நம்பலாம். 14.4 நானோமீட்டர், 4.8 கிலோஆம்பியர்/மீட்டர் என்றால் விடை ஏறக்குறைய ஒன்று. அதாவது விளிம்பில் நிற்கிறோம். 16 நானோமீட்டர் துகளுக்கு 10 கிலோஆம்பியர்/மீட்டர் புலம் கொடுத்தால் 2.8. அங்கே சூத்திரம் பொருந்தாது. அதற்குத்தான் உண்மையான உருவகப்படுத்தல் வேண்டும்.

படி 4: காந்தத் திசையின் ஓட்டத்தை நேரடியாகக் கணக்கிடுங்கள்

இவ்வளவு சிறிய துகளுக்குள் எல்லா அணுக்களின் காந்தத் திசையும் ஒன்றாகவே திரும்பும் என்று கொள்ளலாம். எனவே ஒரு துகளுக்கு ஒரே ஓர் அம்பு போதும். அந்த அம்பு எப்படி அசைகிறது என்பதை லாண்டாவ்–லிப்ஷிட்ஸ்–கில்பர்ட் சமன்பாடு சொல்கிறது: பயனுறு புலத்தைச் சுற்றிப் பம்பரம்போல் சுழலும், கொஞ்சம் கொஞ்சமாக அதன் பக்கம் சாயும். பயனுறு புலத்தில் நான்கு பகுதிகள் உண்டு: வெளிப்புலம், திசையொவ்வாமைப் புலம், அண்டைத் துகள்களின் புலம், வெப்பத்தால் வரும் தற்செயல் புலம்.

இந்தத் தற்செயல் புலத்தில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். அதன் பரவற்படி, தணிப்பு மாறிலிக்கும் (அம்பு புலத்தின் பக்கம் எவ்வளவு விரைவாகச் சாய்கிறது என்பதன் அளவு) வெப்பநிலைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். துகளின் கனஅளவுக்கும் காலப்படிக்கும் எதிர்விகிதத்தில் இருக்கும். தணிப்பு மாறிலி 0.1, காலப்படி 1 பிக்கோவினாடி என்றால் நம் 14.4 நானோமீட்டர் துகளுக்கு ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு அச்சிலும் ஏறத்தாழ 83 மில்லிடெஸ்லா அளவுக்கு உதை விழும். நாம் வெளியிலிருந்து கொடுப்பது 6 மில்லிடெஸ்லா மட்டுமே. திசையொவ்வாமைப் புலம் 90 மில்லிடெஸ்லா. அதாவது நாம் கொடுக்கும் புலத்தால் தானாக அம்பைப் புரட்ட முடியாது. வெப்ப உதைகள்தான் அதைத் தடுப்புக்கு மேலே தள்ளுகின்றன. நம் புலம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை மெல்லச் சாய்த்துவிடுகிறது, அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

தொகையிடலுக்கு ஹியூன் முறையைப் பயன்படுத்துங்கள். சாதாரண ஆய்லர் முறை இந்த வகைத் தற்செயல் உதைகளைத் தவறான பொருளில் கையாண்டு தவறான சமநிலைக்குக் கொண்டுபோகும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் அம்பின் நீளத்தை ஒன்றாக்கிவிடுங்கள்.

சோதனைகள் மூன்று. முதலில் திசையொவ்வாமையைப் பூச்சியமாக்கி, நிலையான புலத்தில் ஓடவிடுங்கள். சராசரிக் காந்தமாக்கம், புலமும் வெப்பமும் போட்டியிடும்போது அது எவ்வளவு இருக்கும் என்று சொல்லும் லாஞ்செவின் சார்பின் மேல் உட்கார வேண்டும். அடுத்து, புலத்தை நீக்கித் திசையொவ்வாமையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அம்பின் கோணப் பரவல் போல்ட்ஸ்மன் பரவலோடு பொருந்த வேண்டும். கடைசியாக, எல்லா அம்புகளையும் ஒரே பக்கம் நிறுத்தி விட்டுவிடுங்கள். அவை கலைந்துபோகும் நேரம் நீல் நேரத்தின் அளவுக்கு வர வேண்டும். அச்சு அசலாக வராது. முயற்சி நேரம் 10⁻⁹ வினாடி என்பது நாம் வைத்த தோராயம். உண்மையில் அது தணிப்பையும் தடுப்பின் உயரத்தையும் பொறுத்தது. ஆனால் விட்டத்தை மாற்றும்போது அடுக்குக்குறிப்படி ஏறுகிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

சரி, இனி மாறுதிசைப் புலம். புலத்தைக் கிடை அச்சிலும் காந்தமாக்கத்தை நிலை அச்சிலும் வரைந்தால் தயக்கக் கண்ணி கிடைக்கும். அதன் பரப்பை உட்புகுதிறனால் பெருக்கினால் ஒரு சுழற்சியில் வெளியாகும் வெப்பம். அதிர்வெண்ணால் பெருக்கி அடர்த்தியால் வகுத்தால் கிலோகிராமுக்கு வாட். முதல் இரண்டு மூன்று சுழற்சிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை தொடக்க நிலையின் நினைவைச் சுமக்கும். பரப்பு எதிர்க்குறியில் வந்தால் சுற்றும் திசை மாறியிருக்கிறது என்று பொருள். குறியை மட்டும் மாற்றி மறைக்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 10 மைக்ரோவினாடி. பிக்கோவினாடிப் படியில் அது ஒரு கோடிப் படிகள். 1000 துகள், 10 சுழற்சி என்றால் பத்தாயிரம் கோடி. சாதாரணப் பைத்தான் சுழலில் இது நடக்காது. எல்லாத் துகள்களையும் ஒரே அணியாக வைத்துக் கணக்கிட வேண்டும் அல்லது வரைகலை அட்டைக்கு மாற்ற வேண்டும். துகள்களுக்கென்றே எழுதப்பட்ட வினாமேக்ஸ் போன்ற திறந்த மென்பொருளும் இருக்கிறது. தடுப்பு உயரமாக இருந்தால் இன்னொரு நல்ல வழி உண்டு: அம்பு இரண்டு பள்ளங்களில் ஒன்றில்தான் இருக்கும் என்று கொண்டு, தாவும் வாய்ப்பை மட்டும் கணக்கிடும் இயக்க மான்டி கார்லோ முறை. அதில் படியின் அளவை நானோவினாடிக் கணக்கில் வைக்கலாம். தடுப்பு வெப்ப ஆற்றலைப்போல் சில மடங்கே இருக்கும் சிறு துகள்களுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

படி 5: அளவுப் பரவலும் நெருக்கமும்

எந்த மாதிரியிலும் எல்லாத் துகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. விட்டங்கள் பொதுவாக மடக்கை-இயல்நிலைப் பரவலில் இருக்கும். மின்னணு நுண்ணோக்கியில் எண்ணும்போது கிடைப்பது எண்ணிக்கைப் பரவல். வெப்பமோ கனஅளவைப் பொறுத்தது. பரவலின் அகலம் (விட்டத்தின் மடக்கையின் திட்டவிலக்கம்) 0.25 என்றால், எண்ணிக்கைப்படி இடைநிலை 12 நானோமீட்டராக இருக்கும் மாதிரிக்குக் கனஅளவுப்படி இடைநிலை 14.5 நானோமீட்டர். இந்த இரண்டில் எதைப் போடுகிறோம் என்பதில் கிராமுக்கு 1 வாட்டா 27 வாட்டா என்ற வித்தியாசம் இருப்பதை மேலே பார்த்தோம். ஆகவே ஒற்றை விட்டத்தை மறந்துவிட்டு, பரவலிலிருந்து விட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டு, கனஅளவால் எடையிட்டுச் சராசரி எடுங்கள். கூரான உச்சி தாழ்ந்து அகன்றுபோகும். விடை பார்க்க அழகாக இருக்காது, ஆனால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

அளவீட்டோடு ஒப்பிடும்போது இன்னொரு பொறி இருக்கிறது. சில கட்டுரைகள் ஒரு கிராம் துகளுக்கு என்றும், சில ஒரு கிராம் இரும்புக்கு என்றும் எழுதுகின்றன. மேக்னடைட்டின் நிறையில் இரும்பு 72 சதவீதம்தான்.

அடுத்து நெருக்கம். இரண்டு 16 நானோமீட்டர் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, தலை-வால் வரிசையில் நின்றால், அவற்றின் இருமுனை ஆற்றல் வெப்ப ஆற்றலைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. அதே துகளின் திசையொவ்வாமைத் தடுப்பும் 10 மடங்குதான்! அதாவது அண்டைத் துகளின் பிடி, துகளின் சொந்த இயல்புக்குச் சமமாகிவிடுகிறது. மையங்களின் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் அது எட்டில் ஒரு பங்காக, 1.3 மடங்காகக் குறைகிறது. செல்லுக்குள் துகள்கள் நெருங்கி அடைபடுவதால் இதைத் தவிர்க்க முடியாது. துகள்கள் சங்கிலியாக அமைந்தால் வெப்பம் கூடலாம். உருண்டைத் திரளாக அமைந்தால் பெரும்பாலும் குறையும். எனவே குறைந்தது மூன்று அமைப்புகளை ஓட்டிப் பாருங்கள்: தனித்தனி, சங்கிலி, திரள். மூன்று விடைகளுக்கும் உள்ள இடைவெளியை உங்கள் நிச்சயமின்மையாகவே அடுத்த படிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

படி 6: திசுவுக்குள் வெப்பம்

1948-ல் பென்னஸ் எழுதிய உயிர்வெப்பச் சமன்பாடு இங்கே போதும். வெப்பம் கடத்தலால் பரவுகிறது, இரத்த ஓட்டம் அதை அள்ளிக்கொண்டு போகிறது, துகள்கள் புதிதாகக் கொடுக்கின்றன. திசுவின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.5 வாட், அடர்த்தி கனமீட்டருக்கு 1050 கிலோகிராம், தன்வெப்பம் கிலோகிராம்-கெல்வினுக்கு 3600 ஜூல் என்று தொடங்கலாம்.

கணினிக்கு முன்னால் கைக்கணக்கு. இரத்த ஓட்டத்தை விட்டுவிட்டால், சீராகச் சூடாகும் கோளத்தின் மேற்பரப்பில் வெப்ப உயர்வு, திறன் அடர்த்தியை ஆரத்தின் இருமடியால் பெருக்கி, கடத்துத்திறனின் மூன்று மடங்கால் வகுத்தது. மையத்தில் அதுபோல் ஒன்றரை மடங்கு. 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள கட்டியின் விளிம்பில் 6 டிகிரி உயர வேண்டுமென்றால் கன சென்டிமீட்டருக்கு 0.09 வாட் தேவை. விளிம்பில் 43, மையத்தில் 46 டிகிரி செல்சியஸ் வரும். நம் 27 வாட் துகளில் அது கன சென்டிமீட்டருக்கு 3.3 மில்லிகிராம். ஆரம் பாதியானால் தேவை நான்கு மடங்காகி 13 மில்லிகிராம். சிறிய கட்டியைச் சூடாக்குவதுதான் கடினம் என்பது முதலில் நம்ப முடியாததுபோல் இருக்கும். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இதையே ஒற்றைத் துகள்வரை இழுத்துப் பாருங்கள். ஒரு தனித் துகள் தன் மேற்பரப்பை எவ்வளவு சூடாக்கும்? ஏறத்தாழ 5 × 10⁻⁹ டிகிரி. ஒரு டிகிரியில் இருபது கோடியில் ஒரு பங்கு. வெப்பக் கடத்தலை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்துச் சூடாக்கிக் கொல்வது நடக்காத காரியம். கோடானுகோடித் துகள்கள் சேர்ந்து ஒரு பகுதியையே சூடாக்குகின்றன.

எண்முறைக்கு, திசுவைக் கட்டங்களாகப் பிரித்து இப்போதைய வெப்பநிலையிலிருந்து அடுத்த கணத்தைக் கணக்கிடும் எளிய வெளிப்படை வேறுபாட்டு முறையே போதும். 1 மில்லிமீட்டர் கட்டத்துக்கு முப்பரிமாணத்தில் காலப்படி 1.2 வினாடிக்குள் இருக்க வேண்டும். கட்டத்தைப் பாதியாக்கினால் 0.3 வினாடி. எல்லையைக் கவனியுங்கள். கட்டியின் ஆரத்தைப்போல் ஐந்து மடங்கு தொலைவில் 37 டிகிரி என்று கட்டிவைத்தால், இரத்த ஓட்டம் இல்லாத சோதனையில் விளிம்பு வெப்ப உயர்வு 20 சதவீதம் குறைவாக வரும். சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பலர் திண்டாடுவது இங்கேதான்.

சோதனை தேறியதும் இரத்த ஓட்டத்தைச் சேருங்கள். பிறகு துகள்களின் பரம்பலை மாற்றுங்கள். ஊசி வழியே செலுத்தினால் அவை சீராகப் பரவாது. ஊசி முனையைச் சுற்றிக் குவிந்து, ஓரத்தில் மெலிந்துபோகும். மொத்த அளவை மாற்றாமல் ஒரு குவியல், மூன்று குவியல், சீரான பரவல் என்று ஓட்டினால் ஒரே மருந்து, ஒரே புலம், மூன்று வேறு வெப்ப வரைபடங்கள் கிடைக்கும். நான் அதிக நேரம் செலவிட்டதும் அதிகம் கற்றதும் இந்தப் பயிற்சியில்தான்.

படி 7: வெப்பநிலையைச் சிகிச்சை அளவாக மாற்றுங்கள்

வெப்பநிலை மட்டும் சொன்னால் போதாது. எவ்வளவு நேரம் என்பதும் வேண்டும். 1984-ல் சபரேட்டோவும் டூயியும் முன்வைத்த அளவு, எல்லாவற்றையும் 43 டிகிரிக்குச் சமமான நிமிடங்களாக மாற்றுகிறது. 43-க்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் நிமிடங்கள் இரட்டிக்கும். கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் நான்கில் ஒன்றாகும். 46 டிகிரியில் 30 நிமிடம் 240 நிமிடங்களுக்குச் சமம். 41 டிகிரியில் ஒரு மணி நேரம் 4 நிமிடத்துக்கும் குறைவு.

எனவே சராசரி வெப்பநிலையை வரைவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காலத்தின் மேல் இந்த அளவைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கட்டியின் கனஅளவில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தபட்சம் எவ்வளவு பெற்றது, கட்டிக்கு வெளியே உள்ள நல்ல திசு அதிகபட்சம் எவ்வளவு பெற்றது என்ற இரண்டையும் எடுங்கள். இப்போது படி 5-ல் கிடைத்த குறைந்த விடை, நடு விடை, அதிக விடை மூன்றையும் வைத்து, இரத்த ஓட்டத்தை இயல்பாகவும் பாதியாகவும் இரட்டிப்பாகவும் வைத்து, ஒன்பது ஓட்டங்களை ஓட்டுங்கள். அந்த ஒன்பதிலும் கட்டியின் ஓரம் போதுமான அளவைப் பெறுகிறதா, நல்ல திசு தப்புகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்றில் தவறினால், புலத்தைக் கூட்ட ஓடுவதற்கு முன் துகள் குவியல்களின் இடத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.